படம் கையை விட்டுப் போகுமுன்: திருகோணமலையில் புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குவோருக்கு

தம்பலகாமத்தில் இருந்து ஒரு அம்மா போன வருடம் என்னிடம் வந்தார். கையில் போன், திரையில் மகளின் முகம். பதின்மூன்று வயதுப் பிள்ளை. சாமத்திய வீட்டுக்கு எடுத்த படங்களை, எடுத்தவர்கள் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் நாற்பதுக்கு மேல் போட்டிருந்தார்கள், பிள்ளையின் பெயரோடும் ஊரோடும். யாரோ அந்த முகத்தை எடுத்து ஏஐ செயலி ஒன்றில் கொடுத்து, அவள் போகாத ஊர்களில், அவள் உடுத்தாத உடுப்புகளில் படங்கள் செய்து, அவள் பெயரிலேயே ஒரு கணக்கும் திறந்துவிட்டார்கள்.

"முகம் என்ட பிள்ளையின்ட முகம்தான் தம்பி. ஆனா இது அவள் இல்ல" என்றார் அந்த அம்மா.

அந்தச் சடங்குக்குப் படம் எடுத்தது நானில்லை. ஆனாலும் அன்றிரவு என் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது நெஞ்சு கனத்தது. எத்தனை பிள்ளைகளின் முகம், எத்தனை வீடுகளின் வாசல்! எல்லாமே நல்லெண்ணத்தோடு, வேலைக்கு விளம்பரமாக, சொந்தக்காரர் பார்க்கட்டும் என்று போட்டவை. விடியும்வரை இருந்து ஒவ்வொன்றாக நீக்கினேன்.

போனில் படம் எடுக்கத் தொடங்கியவர்கள், முதல் கமராவை வாங்கிக் கலியாண வீடுகளுக்குப் போகத் தொடங்கியவர்கள் எனப் பலர் என்னிடம் கேட்பதெல்லாம் லென்ஸ் பற்றியும் வெளிச்சம் பற்றியும்தான். அவற்றைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே சொல்ல வருவது, படம் எடுத்த பிறகு, அது உங்கள் கையை விட்டுப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள்

முன்பெல்லாம் ஒரு படத்தை மனிதர்கள் மட்டும்தான் பார்த்தார்கள். அல்பத்தைப் புரட்டியவருக்கு உங்களைத் தெரிந்தால் தெரியும், தெரியாவிட்டால் இல்லை. இப்போது இயந்திரமும் பார்க்கிறது. அது முகத்தின் சாயலைப் படித்து நீண்ட எண் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. ஒரே ஆளின் இரண்டு படங்கள், ஒன்று பள்ளிக்கூட உடுப்பிலும் மற்றது பட்டுச்சேலையிலும் இருந்தாலும், அந்த எண்கள் கிட்டக்கிட்ட விழும். ஏதாவது ஒரு படத்தில் பெயர் இருந்தால் போதும், மற்றப் படங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும்.

இது கற்பனை இல்லை. நண்பர்களின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் வசதியைப் பேஸ்புக் பல வருடம் வைத்திருந்தது. 2021 நவம்பரில் அதை நிறுத்துவதாகவும், 100 கோடிக்கு மேற்பட்டவர்களின் முக அடையாளங்களை அழிப்பதாகவும் அறிவித்தது. முகத் தரவு தொடர்பாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் தொடுத்த வழக்கை முடிக்க, அதன் தாய் நிறுவனமான மெட்டா 2024இல் 140 கோடி டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கிளியர்வியூ ஏஐ என்ற நிறுவனம் இணையத்தில் திறந்து கிடந்த படங்களைக் கோடிக்கணக்கில் அள்ளி, முகத்தை வைத்து ஆளைத் தேடும் கருவி செய்து விற்றது. அதற்கு நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2024 செப்டம்பரில் 3 கோடியே 5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. அந்த நிறுவனம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. படங்கள் திறந்து கிடந்தன, எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: படத்துக்குள் ஒளிந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்

இப்போதே போனில் உங்கள் வீட்டில் எடுத்த ஒரு படத்தைத் திறந்து, விரலால் மேல்நோக்கித் தள்ளுங்கள். கூகுள் போட்டோஸிலும் ஐபோனிலும் கீழே ஒரு வரைபடம் வரும். அதில் உங்கள் வீடு இருக்கும். ஒழுங்கை வரை சரியாக இருக்கும். கமரா படத்தோடு சேர்த்து எழுதிவைக்கும் எக்சிஃப் என்ற குறிப்புகளில் இதுவும் ஒன்று. 2012இல் தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜோன் மெக்கஃபியின் படத்தை ஒரு சஞ்சிகை இணையத்தில் போட்டது. அதற்குள் இருந்த இட எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிட்டன.

நிறுத்துவது சுலபம். ஆண்ட்ராய்டில் கமராவின் செட்டிங்ஸுக்குள் போய் இடக் குறிப்பை அணைத்துவிடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி, லொகேஷன் சேர்விசஸ் என்று போய்க் கமராவுக்கு 'ஒருபோதும் வேண்டாம்' என்று கொடுங்கள். பழைய படத்தை அனுப்பும்போது, ஐபோனில் பகிரும் திரையின் மேலே 'ஒப்ஷன்ஸ்' என்று சின்னதாக இருக்கும். அதைத் தட்டி இடத்தை நீக்கலாம்.

கலியாண வீட்டுக்குப் போகும் தம்பிமார் இதைக் கவனமாக வாசியுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த இடக் குறிப்பை வட்ஸ்அப் கழற்றிவிடும். ஆனால் தரம் குறையக்கூடாது என்று நாம் 'டொகியுமென்ட்' ஆக அனுப்புகிறோம் அல்லவா, அப்போது எல்லாம் அப்படியே போகும். டிரைவ் லிங்க் கொடுத்தாலும் அப்படித்தான். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் வைத்திருப்பவர்கள் எக்ஸ்போர்ட் பண்ணும் இடத்தில் மெட்டாடேட்டா என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். இடத் தகவலை நீக்கவும் ஆள் தகவலை நீக்கவும் தனித்தனியே இரண்டு சரிக்கட்டங்கள் இருக்கும். இரண்டையும் ஒருமுறை போட்டு, அந்த அமைப்பைப் பிரீசெட்டாகச் சேமித்துவிட்டால் பிறகு நினைக்கத் தேவையில்லை.

இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2025 ஏப்ரலில் சட்ஜிபிடியின் புதிய மொடல்கள் வந்தபோது, எந்தக் குறிப்பும் இல்லாத வெறும் படத்தைக் கொடுத்து 'இது எங்கே எடுத்தது' என்று கேட்பது உலகமெங்கும் விளையாட்டாகப் பரவியது. பல தடவை சரியாகவே சொன்னது. மரம், மண்ணின் நிறம், கடைப் பலகையின் எழுத்து, வீதியின் கோடு என்று எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்கிறது. நம்முடைய ஊர் இதற்கு இன்னும் வசதி. கோணேசர் மலை பின்னால் தெரிந்தால் வேறு எந்த ஊராக இருக்க முடியும்? உவர்மலையில் ஒரு வீட்டு மாடியில் இருந்து எடுத்த பிறந்தநாள் படத்தில் துறைமுகம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதைப் பார்த்தே வீட்டைக் கிட்டத்தட்டக் குறித்துவிடலாம். பின்னால் கடைப் பலகையில் 026 என்று தொடங்கும் தொலைபேசி எண் இருந்தால் மாவட்டம் தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் படத்தில் நான் முதலில் தேடுவது பள்ளிக்கூட டையும் பட்ஜும். இரண்டும் சேர்ந்தால், அந்தப் பிள்ளை காலை ஏழரைக்கு எந்த வாசலில் நிற்கும் என்பது முன்பின் தெரியாத ஒருவனுக்குக்கூடத் தெரிந்துவிடும். வெட்ட முடிந்தால் வெட்டுங்கள். முடியாவிட்டால் அந்தப் படத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

படி 2: செயலிகளுக்குக் கொடுத்த சாவியைத் திருப்பி வாங்குங்கள்

ஒரு படத்துக்கு ஃபில்டர் போட ஒரு செயலியை இறக்குகிறோம். அது 'எல்லாப் படங்களையும் பார்க்கலாமா' என்று கேட்கிறது. அவசரத்தில் ஓம் என்று விடுகிறோம். அன்றிலிருந்து அடையாள அட்டையின் படம், வங்கிப் புத்தகத்தின் படம், குளித்துவிட்டு நிற்கும் குழந்தையின் படம் என்று எல்லாம் இருக்கும் அறையின் சாவி அந்தச் செயலியிடம் இருக்கிறது.

தெரிந்தெடுத்த படங்களை மட்டும் காட்டும் வசதி ஐபோனில் 2020இல் ஐஓஎஸ் 14 உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் 2023இல் ஆண்ட்ராய்டு 14 உடன் வந்தது. செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குள் போய், படங்களைப் பார்க்க எந்தெந்தச் செயலிக்கு அனுமதி இருக்கிறது என்று ஒரு பத்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். டோர்ச் லைட் செயலிக்கும் விளையாட்டுச் செயலிக்கும் ஏன் படம்? எடுத்துவிடுங்கள். பேஸ்புக்கும் 2025இல், போனில் உள்ள, இன்னும் பகிராத படங்களைத் தன் கிளவுட்டுக்கு எடுத்து ஏஐ மூலம் யோசனை சொல்லவா என்று சிலரிடம் கேட்கத் தொடங்கியது. அப்படி ஒரு கட்டம் உங்கள் திரையில் வந்தால் வேண்டாம் என்று தட்டுங்கள்.

கூகுள் போட்டோஸில் முகங்களைக் குழுவாக்கும் வசதியை அணைக்கலாம். அணைத்தால் அது வரை செய்துவைத்த முகக் குழுக்களும் அழியும். நான் வேலைக்கான கணக்கில் அணைத்திருக்கிறேன், வீட்டுக் கணக்கில் வைத்திருக்கிறேன். அம்மாவின் படங்களை ஒரே இடத்தில் பார்க்க எனக்கு அது உதவுகிறது. என் வீட்டுப் படத்துக்கு நான் முடிவெடுக்கலாம். மற்றவர் வீட்டுப் படத்துக்கு முடிவெடுக்க எனக்கு உரிமை இல்லை.

படி 3: ஏஐ-யிடம் படத்தைக் கொடுக்குமுன், அது எங்கே போகிறது என்று பாருங்கள்

ஏஐ எல்லாமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருட்டான மண்டபத்தில் எடுத்த படத்தில் விழும் பொடிப்பொடிப் புள்ளிகளை நீக்க நானும் தினமும் பாவிக்கிறேன். முகத்தை மட்டும் தெரிந்தெடுத்து வெளிச்சம் கூட்ட முன்பு கால் மணி நேரம் எடுக்கும், இப்போது ஒரு தட்டு. ஆனால் இவை என் கணினிக்குள்ளேயே நடப்பவை. வேறு சில வேலைகளுக்குப் படம் எங்கோ ஒரு நாட்டில் உள்ள சேர்வருக்குப் போய்த் திரும்பி வருகிறது. திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வைஃபையும் இல்லை என்று உறுதிப்படுத்திவிட்டு, அதே வேலையைச் செய்து பாருங்கள். நடந்தால், அந்த வேலை போனுக்குள்ளேயே நடக்கிறது. நடக்காவிட்டால் பெரும்பாலும் படம் வெளியே போகிறது. பிறகு இணையம் வந்ததும் செயலி படத்தை ஏற்றுகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் படி 2.

வெளியே போகும் படம் என்ன ஆகும்? எவர் என்ற படச் சேமிப்புச் செயலியின் கதை எல்லோருக்கும் தெரிய வேண்டும். மக்கள் தங்கள் குடும்பப் படங்களைப் பத்திரமாக வைக்கக் கொடுத்தார்கள். நிறுவனம் அவற்றை வைத்து முகம் அறியும் தொழில்நுட்பத்தைப் பழக்கியது. அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2021இல் படங்களை மட்டுமல்ல, அவற்றால் பழக்கிய மொடல்களையும் அழிக்கும்படி செய்தது.

2025 மார்ச்சில் எல்லோரும் தங்கள் குடும்பப் படத்தைக் கார்ட்டூனாக்கினார்கள். அதே வருடம் செப்டம்பரில் பழைய சினிமா நாயகி போலச் சேலை கட்டிய படம் செய்வது நம் பெண்பிள்ளைகளிடமும் வந்தது. ஆசை நியாயமானதுதான். உங்கள் முகத்தை நீங்கள் கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுக்குமுன் அந்தச் செயலியின் செட்டிங்ஸில், உங்கள் படங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களின் செயலிகளில் பெரும்பாலும் இருக்கும். பெயர் தெரியாத இலவசச் செயலிகளில் அதைத் தேடி மினக்கெடாமல் அழித்துவிடுங்கள். வாடிக்கையாளரின் படத்தையோ சிநேகிதியின் பிள்ளையின் படத்தையோ கேட்காமல் கொடுக்கவே கூடாது.

பழைய படங்களைச் சீர்செய்வது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோனபின், கரையோர வீடுகளில் அல்பமே மிஞ்சவில்லை. அதற்கு முன் இடம்பெயர்ந்த காலத்தில் விட்டுவிட்டு ஓடியவை வேறு. ஒரு ஆளுக்கு ஒரே ஒரு படம், அதுவும் தண்ணீர்க் கறையோடு, என்று கொண்டுவருவார்கள். அப்படி ஒன்று எங்கள் வீட்டிலும் உண்டு. அம்மம்மாவின் படம். இடது கன்னத்தில் உப்புநீர் பட்டு நிறம் ஊறிப்போயிருக்கும். பிரபலமான ஒரு ஏஐ கருவியில் கொடுத்தேன். அரை நிமிடத்தில், நேற்று எடுத்தது போல ஒரு படம் வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆரடா இது?"

உற்றுப் பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம் இல்லை. முன்பல்லில் இருந்த இடைவெளி அடைபட்டிருந்தது. கண் கொஞ்சம் பெரிசாகி இருந்தது. அந்த இயந்திரத்துக்கு அம்மம்மாவைத் தெரியாது. அழிந்த இடத்தில் என்ன இருந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? தான் பழகிய இலட்சக்கணக்கான முகங்களில் இருந்து பொருத்தமாகத் தெரிந்ததை நிரப்பியது. மச்சத்தைக் கறை என்று நினைத்துத் துடைத்துவிட்டது.

ஆகவே பழைய படத்தை இப்படிச் செய்யுங்கள். முதலில் ஸ்கேனரில் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் பண்ணி, அந்தக் கோப்பைத் தொடாமல் வேறாக வையுங்கள். கீறல், மடிப்பு, கறை ஆகியவற்றைக் கையாலேயே, படம் திருத்தும் மென்பொருளில் உள்ள ஹீலிங் பிரஷ் என்ற தூரிகையால் சிறுசிறிதாக எடுங்கள். உடுப்பிலும் பின்புறத்திலும் ஏஐ-யைப் பாவியுங்கள், பரவாயில்லை. முகத்தைக் கூர்மையாக்கும் பொத்தானைத் தொடாதீர்கள். நிறம் சேர்ப்பதாக இருந்தால், அந்தச் சேலை என்ன நிறம் என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். இயந்திரம் போடும் நிறம் ஊகம். ஆனால் பெரியம்மாவுக்கு, அது கூறைச்சேலை, அரக்குச் சிவப்பு என்று நினைவிருக்கும். கேட்டால் அந்தச் சேலையின் கதையும் சேர்ந்து வரும். முடிந்ததும் படத்தின் அடியில் 'ஏஐ-யால் திருத்தியது' என்று சின்னதாக எழுதிவிடுங்கள். இருபது வருடம் கழித்து ஒரு பேரப்பிள்ளை அதைப் பார்த்து, எங்கள் பூட்டியின் முகம் இதுதான் என்று நம்பப்போகிறது அல்லவா.

படி 4: கமராவே கூட்டிச் சொல்வதைத் தெரிந்துவைத்திருங்கள்

இது சுருக்கமாக. 2023இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, தூரத்தில் நின்று சாம்சங் போனால் எடுத்தார். படத்தில் நிலாவின் பள்ளங்கள் தெளிவாக வந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரங்களை மெருகேற்றும் ஏஐ தன் கமராவில் இருப்பதைச் சாம்சங்கும் விளக்கியது. அதே வருடம் வந்த கூகுள் பிக்சல் 8, ஒரே குழுவை அடுத்தடுத்து எடுத்த படங்களில் இருந்து ஒவ்வொருவரின் நல்ல முகத்தையும் சேர்த்து, ஒருபோதும் நடக்காத ஒரு கணத்தைப் படமாக்கித் தந்தது.

பூரணையன்று கோணேசர் கோயிலுக்கு மேலே நிலாவை எடுத்து மகிழ்வதற்கு இது பிழையில்லை. ஆனால் விபத்து, எல்லைப் பிரச்சினை, காப்புறுதி, செய்தி ஆகியவற்றுக்கு எடுக்கும் படத்தில் அழகுபடுத்தும் வசதி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுங்கள், மூலக் கோப்பை வைத்திருங்கள். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் எடுக்கும்போது முகத்தை மினுக்கக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். படம் எங்கே பிறந்தது, என்ன திருத்தம் நடந்தது என்பதைக் கோப்பிலேயே முத்திரையிடும் முறை ஒன்றும் வந்திருக்கிறது. 2023இல் லைக்கா எம்11-பி அதோடு வெளிவந்தது. விலை நம் கைக்கு எட்டாதது. ஆனால் அந்த முறை மெதுவாக மற்றக் கமராக்களுக்கும் போன்களுக்கும் இறங்கி வருகிறது.

படி 5: கேளுங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள்

உப்புவெளியில் கரைவலை இழுப்பவர்களை எடுக்கப் போனால், முதலில் போய் நின்று பேசுங்கள். முடிந்தால் கயிற்றில் ஒரு கை கொடுங்கள். 'அண்ணை, ஒரு படம் எடுக்கட்டா, இணையத்திலயும் போடுவன்' என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எடுப்பதற்குச் சம்மதம் வேறு, போடுவதற்குச் சம்மதம் வேறு.

கன்னியா வெந்நீரூற்றில் கமராவைத் தூக்குமுன் இன்னும் யோசியுங்கள். ஏழு கிணறும் அழகுதான். ஆனால் அங்கே பெண்கள் குளித்து ஈர உடுப்போடு நிற்பார்கள். அந்தியேட்டிக் கிரியை செய்ய வந்த குடும்பம், மொட்டை வழித்த மகன், அழுது வீங்கிய முகங்கள். இன்றைக்கு அந்த முகங்களைத் தெரியாமல் எடுத்துப் பொதுவில் போடுவது முன்பு போல ஒரு சின்னப் பிழை அல்ல. ஈர உடுப்போடு நிற்கும் ஒரு பெண்ணின் படத்தை வைத்து இன்றைய செயலிகள் என்னென்ன செய்யும் என்பதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. ஆட்கள் போனபின் தண்ணீரை எடுங்கள்.

காசுக்கு வேலை செய்பவர்கள் வாய்ச் சம்மதத்தோடு நிற்காதீர்கள். என் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடியில் இப்போது மூன்று வரிகள் அச்சிட்டிருக்கிறேன்: படங்களை என் பக்கத்தில் போடலாமா, போட்டால் முகம் தெரியலாமா, எத்தனை மாதம் நான் வைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓம், இல்லை. தொடக்கத்தில் வேலை குறையும் என்று பயந்தேன். நடந்தது வேறு. முதல் வரியில் 'இல்லை' போட்டுவிட்டு, 'இதக் கேட்ட முதல் ஆள் நீங்கதான் தம்பி' என்று சொல்லி, தங்கைக்காரியின் கலியாணத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள்.

சாமத்திய வீடென்றால் அம்மா அப்பா கையெழுத்துப் போட்டாலும், அந்தப் பிள்ளையிடமும் தனியாகக் கேட்பேன். ஒரு பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "ஸ்கூலில பெடியங்கள் பாப்பாங்கள் அண்ணா" என்று மட்டும் சொன்னாள். அம்மா ஓம் போட்டிருந்த கட்டத்தை அம்மாவே வாங்கி வெட்டினார்.

படி 6: சொந்தக்காரருக்குக் காட்டும் வழிகள்

கனடாவில் மாமா, லண்டனில் சித்தி, சுவிஸில் பெரியப்பா இருக்கும்போது காட்டாமல் இருக்க முடியாது. நேரலை விடுகிறோம். யூடியூப்பில் மூன்று விதம் உண்டு. பப்ளிக் என்றால் உலகமே பார்க்கும். அன்லிஸ்டட் என்றால் தேடினால் வராது, லிங்க் கிடைத்தவர் எவரும் பார்க்கலாம். பிரைவேட் என்றால் நீங்கள் மின்னஞ்சல் கொடுத்து அழைத்தவர் மட்டும். நான் நேரலைக்கு அன்லிஸ்டட் வைத்து, சடங்கு முடிந்து ஒரு வாரத்தில் பிரைவேட்டுக்கு மாற்றிவிடுவேன். படங்களுக்குக் குடும்ப வட்ஸ்அப் குழுவே போதும்.

'எங்கட வீடியோவை ஆர் பாக்கப் போறான், அம்பது பேர் பாத்திருக்கினம்' என்று சொல்வார்கள். அதற்கு ஒரு பதில் இருக்கிறது. பட ஏஐ-களைப் பழக்கப் பயன்பட்ட லயன்-5பி என்ற தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைப்புகள் இருந்தன. மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2024இல் அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் பார்த்தபோதே, பிரேசிலிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள பிள்ளைகளின் படங்கள் கிடைத்தன. சில வீட்டு வலைப்பதிவுகளில் இருந்தும், மிகக் குறைவான பேர் பார்த்த யூடியூப் வீடியோக்களில் இருந்தும் போனவை. சிலவற்றில் பிள்ளையின் பெயரும் இருந்தது. ஐம்பது பேர் பார்த்த வீடியோவையும் இயந்திரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும்.

படி 7: ஏதாவது நடந்துவிட்டால்

தம்பலகாமத்து அம்மாவோடு இருந்து நான் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில், அந்தக் கணக்குக்குத் திட்டி எழுத வேண்டாம் என்று அந்த அம்மாவின் மகனைத் தடுத்தோம். திட்டினால் அழித்துவிட்டு வேறு பெயரில் வருவார்கள், ஆதாரமும் போய்விடும். ஸ்க்ரீன்ஷொட் எடுத்தோம். படம் மட்டுமல்ல, கணக்கின் முகவரி, திகதி, நேரம் தெரியும்படி. பிறகு அந்தக் கணக்கை 'வேறொருவராக நடிக்கிறார்' என்ற காரணத்தின் கீழ் முறையிட்டோம். வெறுமனே ஸ்பாம் என்று தட்டினால் பலன் குறைவு. மூலப் படங்களைத் தங்கள் பேஸ்புக் பக்கத்தில் போட்ட படக்காரரிடம் நேரே போய்ப் பேசினோம். அவர்கள் அன்றே எடுத்துவிட்டார்கள். போலிக் கணக்கு ஒன்பதாம் நாள் போனது. அந்த ஒன்பது நாளும் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை.

இணையத் தொல்லைகளுக்கு, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்தை 101 என்ற எண்ணில் அழைக்கலாம். பிள்ளை சம்பந்தப்பட்டதென்றால் 1929. பெண்களுக்கான உதவி எண் 1938. பொலிஸிலும் முறைப்பாடு போடுங்கள், கணினிக் குற்றங்களுக்கென்று குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தரங்கமான படம், ஏஐ செய்ததாக இருந்தாலும், பரவுகிறது என்றால் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஸ்டொப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. 18க்குக் கீழே டேக் இட் டவுன் என்பது. இரண்டிலும் படத்தை யாருக்கும் அனுப்பத் தேவையில்லை. உங்கள் போனிலேயே படத்தில் இருந்து ஒரு குறியீட்டு எண் உண்டாகும், அந்த எண் மட்டும் போகும், அதை வைத்துப் பேஸ்புக், இன்ஸ்டகிராம், டிக்டொக் போன்றவை அந்தப் படத்தைத் தடுக்கும். அப்படியான படத்தை, 'இதப் பாருங்கோ, என்ன அநியாயம்' என்று கவலையோடு கூட எவருக்கும் அனுப்பாதீர்கள். பரவுகிற வழி அதுவும்தான்.

சட்டமும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆளை அடையாளம் காட்டும் தகவல் எல்லாம் தனிப்பட்ட தரவு. பிள்ளைகளின் தரவையும், ஆளை அடையாளம் காணும் உயிரியல் தரவையும் அது விசேட வகையாக வைத்திருக்கிறது. வீட்டுத் தேவைக்கு மட்டும் படம் வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. ஆனால் நம்மைப் போலத் தொழிலாகச் செய்பவர்கள் அப்படி ஒதுங்க முடியாது. அதனால்தான் பற்றுச்சீட்டில் அந்த மூன்று வரிகள்.

படி 8: அழிக்கும் நாள்

எடுத்த படங்கள் எங்கே கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மெமரி காட், மடிக்கணினி, கிளவுட், அல்பம் அடிக்கக் கொடுத்த இடம், உதவிக்கு வந்த தம்பியின் போன். கணினியைத் திருத்தக் கொடுத்தால் அங்கேயும். நான் மாதக் கடைசியில் ஒரு மாலை இதற்கென்று உட்காருவேன். காலம் முடிந்த வேலைகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் பண்ணி, "அக்கா, படங்கள் இரண்டு பிரதி உங்களிட்ட பத்திரமா இருக்கா? இங்க அழிக்கப் போறன்" என்று கேட்பேன். ஓம் என்றால் அழித்துவிடுவேன்.

போன மாதம் கடற்கரைப் பக்கத்து வீடொன்றுக்குப் போன் எடுத்தேன். அந்த அக்கா உடனே பதில் சொல்லவில்லை. "எங்களிட்ட இருக்குத் தம்பி. ஆனா ஒண்டை நீங்களும் வச்சிருங்கோவன். எங்கட வீடு கடலுக்குப் பக்கத்தில."

அழிக்கவில்லை. கடவுச்சொல் போட்ட ஒரு ஹார்ட் டிஸ்க் தனியாக வாங்கி, இணையம் இல்லாத பழைய மடிக்கணினியில் வைத்து ஏற்றி, அந்த அக்காவின் பெயரை மேலே ஒட்டி, உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.